இன்று யார் முறை?

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதைக் காட்ட, யாரும் திருத்தக்கூடிய இலவசக் கைப்பேசி வரைபடம் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து உருவாக்கினோம். அங்குள்ள மீனவக் கிராமமான கோட்டைக்குப்பத்தில் எல்லோரும் பார்த்தார்கள், திருத்தியவர் ஒருவர்தான். ஒல்லியான மீனவர். கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கரையேறியதும் தலையைக்கூடத் துவட்டாமல் திட்டைக் குறிப்பார்.

“ஏரியில இன்னிக்கு இவன் வலை போடணும், நாளைக்கு அவன்னு முறை இருக்கு சார். இந்த மேப்புல யாரு முறை?” என்று கேட்டார்.

“முறையெல்லாம் இல்லைங்க. யாரு வேணா குறிக்கலாம்.”

“அப்டின்னா ஒருத்தனும் குறிக்க மாட்டான்.”

ஐப்பசியில், புதிதாக எழும்பிய திட்டில் மோதி அவர் படகு கவிழ்ந்தது. உடல்தான் கரை சேர்ந்தது. காரியத்துக்குப் போயிருந்தேன். கவிழ்ந்த இடத்தை ஆளாளுக்குக் கைநீட்டிக் காட்டினார்கள். வரைபடத்தைத் திறந்தேன். அங்கே இன்னும் ஆழம் என்றே இருந்தது.