அடிக்கு அடி எட்டிப் பார்த்த நடை

சாரதாமணி ராசிபுரம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளர். வேலைக்குச் சேர்ந்து பதினேழு ஆண்டு. முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிந்து எட்டு ஆண்டு. இரண்டு முறை நீட்டிப்பும் வாங்கியாயிற்று. 2024 ஆகஸ்ட் ஒன்பது, வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாதவர்களை அடுத்த பருவத்தில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கல்லூரியும் சொல்லிவிட்டது.

செவ்வாய் மாலை, வழிகாட்டி சந்திரசேகர் சேலத்திலிருந்து கூப்பிட்டார்.

“ஏம்மா, அஞ்சாம் அத்தியாயத்துல குவாண்டம் நடைன்னு போட்டிருக்க. நூறு அடிக்கு விலகல் பத்துதான் வருது. இது சாதாரணக் குடிகாரன் நடையாச்சே?”

“மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டனுங்க சார்.”

“முப்பது தடவை ஓட்டினாலும் அதுதான் வரும். புரோகிராமைப் பாரு.”

போர்வெல் வண்டிக் கணக்கைப் பார்த்துவிட்டு வந்த கணவன் தனபால், மடிக்கணினியை எட்டிப் பார்த்தான்.

“குடிகாரன் இன்னும் ஊடு போய்ச் சேரலையா?”

“அவன் போயிருவானுங்க. நான்தான் உட மாட்டேங்கறனாட்ட இருக்குது.”

சாதாரண நடையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு நாணயம் சுண்டுவார்கள். தலை விழுந்தால் வலது, பூ விழுந்தால் இடது. நூறு அடி முடிந்தும் ஆள் கிளம்பின இடத்திலிருந்து சராசரியாகப் பத்தடி தள்ளித்தான் நிற்பான். குவாண்டம் நாணயமோ தலையும் பூவும் சேர்ந்தே விழும். எல்லா வழிகளிலும் நடை ஒரே சமயத்தில் போகும். சில வழிகள் ஒன்றையொன்று அழிக்கும், சில கூடிக்கொள்ளும். நூறு அடிக்கு விலகல் ஐம்பத்து நாலு வரை போகும். ஆனால் நடுவில் எங்கே இருக்கிறான் என்று யாரும் பார்க்கக் கூடாது. அடிக்கு அடி பார்த்தால் அவனும் வெறும் குடிகாரன்தான்.

புரோகிராமின் 212-ஆம் வரியில் தவறு இருந்தது. ஒவ்வோர் அடி முடிந்ததும் இருக்கும் இடத்தை அளந்து அட்டவணையில் எழுது என்ற கட்டளை. யாரும் கேட்காதது. அளவு எடுத்ததும் அப்போதே எழுது என்று பதினேழு ஆண்டாக மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் எழுதிய கை, தானாகப் போட்டுவிட்டது. வரியை நீக்கி ஓட்டினாள். ஐம்பத்து நாலு.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அங்கங்கே பழுதான பாதையில் நடந்தால் சாதாரண நடைக்கும் குவாண்டம் நடைக்கும் வித்தியாசமே இல்லை என்பதுதான் அவள் ஆய்வின் பெரிய புதுமை. வித்தியாசத்தை அழித்தது பாதையின் பழுது அல்ல, அவள் அளந்ததுதான்; ஐந்தாம் அத்தியாயத்தின் முப்பத்தெட்டுப் பக்கமும் பொய்யாகிவிட்டது.

புதன் காலை வழிகாட்டிக்குப் பேசினாள்.

“அளந்துக்கிட்டே போற நடைன்னு தலைப்பை மாத்திரலாமுங்களா சார்?”

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதும்மா. தேர்வாளர் சிரிப்பாரு. புதுசா ஓட்டி எழுதணும்னா ரெண்டு மாசம் ஆகும்.”

“அந்த அத்தியாயத்தையே எடுத்துட்டா? மிச்சம் நாலு அத்தியாயம் தாங்குமுங்களா?”

“தேறும். பேரு வராது.”

“பேரு வேண்டாமுங்க சார். தூங்கணும்.”

முப்பத்தெட்டுப் பக்கத்தையும் நீக்கி, தவறு நடந்த விதத்தை இரண்டு பத்தியில் பின்னிணைப்பாக எழுதிச் சேர்த்தாள். வெள்ளி மாலை மூன்று நாற்பதுக்கு நூற்று முப்பத்தொரு பக்க ஆய்வேட்டைச் சேலத்தில் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தாள். திரும்பும் பேருந்து மல்லூர் தாண்டுவதற்குள் உறங்கிவிட்டாள்.