எந்தக் கம்பெனியில் எண்ணெய் விட்டாய்?

"இன்னாண்ணா, இந்த வாரம் எங்க எண்ண வுட்ட?"

வணக்கம் கிடையாது, சௌக்கியமா என்ற விசாரிப்பும் கிடையாது. பேரணாம்பட்டு பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆம்பூரில் என் ஷெட் வாசலுக்கு வந்து நின்று அமிர்தவள்ளி இதைத்தான் கேட்பாள். ஷூ கம்பெனிகளுக்குத் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவன் நான். ஆர்டர் இல்லாமல் உறை போட்டு மூடிய மிஷினுக்கு எண்ணெய் விட ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டால், அங்கே ஆர்டர் வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று வாரத்தில் கேட்டில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்கும். இருபது வருஷமாக எண்ணெய் விடுகிற எனக்கே இது அவள் சொல்லும்வரை தோன்றியதில்லை.

"போர்டு தொங்கினப்புறம் போனா கூட்டத்துல நானும் ஒருத்தி. அதுக்கு முன்னாடி போனா நான் ஒருத்திதான்" என்பாள்.

வயசு நாற்பத்திரண்டு. ஒல்லி. வலது ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கிய பழைய தழும்பு. பதினேழு வருஷம் ஒரே கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்தாள். வெளிநாட்டு ஆர்டர் கம்மியாகி, போன புரட்டாசியில் அந்த யூனிட்டை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று அழுதபோது, இவள் சூப்பர்வைசரிடம் கேட்டு, தன் கையால் தைத்த மேல்பாகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். அது லுங்கித் துணியில் சுற்றி எப்போதும் பையில் இருக்கும். வேலை கேட்கப் போனால் பயோடேட்டாவை நீட்டமாட்டாள், இதை நீட்டுவாள். "பேப்பர படிக்க அவங்களுக்கு டைம் ஏது? தையல பாக்க ஒரு நிமிசம் போதும்."

கேட்டுக்குப் போக அவளுக்கு நாள் கணக்கும் உண்டு. ஏழாம் தேதி சம்பளம் போட்டதும் சிலர் எட்டாம் தேதியிலிருந்து வரமாட்டார்கள். இவள் ஒன்பதாம் தேதி காலையில் போய் நிற்பாள். திங்கட்கிழமை மட்டும் ஆகாது. "அன்னிக்கு எல்லாரும் பேஜார்ல இருப்பாங்க."

மற்றவர்கள் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கிற இடத்தில் இவள், "இ.எஸ்.ஐ. பிடிப்பீங்களா?" என்று கேட்பாள். புருஷன் பிரேம்நாத் இதய நோயாளி. மாத்திரை, ஆஸ்பத்திரி எல்லாம் இவளுடைய இ.எஸ்.ஐ. கார்டில்தான் ஓடுகிறது. பிடித்தம் நின்று நாளாகிவிட்டால் கார்டும் நின்றுவிடும். அதனாலேயே வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த, பிடித்தம் இல்லாத கூலித் தையல் இரண்டையும் வேண்டாம் என்றாள்.

கூடவே வேலை தேடிய ஷஹீன் பானு ஒருநாள் என் ஷெட்டில் வைத்தே கேலி செய்தாள். "இன்னாக்கா, கம்பெனிய மாப்ள பாக்குற மாதிரி பாக்குற?"

"மாப்ளயத்தான் விசாரிக்காம கட்டிக்கினேன். இதயாச்சும் விசாரிக்கிறேன்டி."

தை பிறந்து ஒரு வாரம் கழித்து ஒரு கம்பெனி என்னைப் பன்னிரண்டு மிஷினுக்குக் கூப்பிட்டது. சொன்னேன். கூடவே, "எல்லாம் போஸ்ட் மிஷினும்மா. உனக்கு ஒத்து வராது" என்றேன். இவள் தைத்ததெல்லாம் தட்டை மிஷினில். போஸ்ட் மிஷினில் ஒரு தூண் நிற்கும். தோலை அதன் தலையில் வைத்துத் திருப்பித் திருப்பித் தைக்கவேண்டும். கை பழகாதவர்களுக்குத் தையல் ஓடிவிடும்.

ஷெட்டில் ரிப்பேர் முடிந்த ஒரு போஸ்ட் மிஷின் இருந்தது.

"ரிப்பேர் ஆனத எப்டிண்ணா ஓட்டிப் பாப்ப?"

"வேஸ்ட் தோல்ல நாலு வரி அடிப்பேன்."

"நான் அடிக்கிறேன். நீ போய் டீ குடி."

"ஒடச்சிட்டா?"

"ஒடச்சா நீதான மெக்கானிக்கு?"

பத்து நாள் காலையில் ஒரு மணி நேரம் அடித்தாள். முதல் நாள் தையல் பாம்பு போன தடம். பத்தாம் நாள் நானே தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்பதாம் தேதி, போர்டு தொங்குவதற்கு முன்னாலேயே, அந்தக் கம்பெனிக்குப் போய்விட்டாள். நான் உள்ளே மிஷின் முடுக்கிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் ஜான்சன் அவள் கொண்டுவந்த மேல்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தையல் சுத்தமா இருக்குக்கா. போஸ்ட்ல எத்தினி வருசம்?"

"பத்து நாள்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு வருஷம் என்று சொன்னால் வாயா வலிக்கும்?

ஜான்சன் சிரித்துவிட்டார். அவள் விடவில்லை. "தட்டைல பதினேழு வருசம் சார். கை அதே கைதான? ஒரு பீஸ் குடுங்க" என்றாள்.

அவர் கொடுத்த முதல் பீஸின் முன் வளைவில் நூல் அறுந்தது. ஜான்சன் கடிகாரத்தைப் பார்த்தார். நூல் அறுந்தால் மெக்கானிக்கைத் திட்டுவது இந்த ஊர் வழக்கம். அவள் யாரையும் திட்டவில்லை. நூலைக் கோத்து, "இன்னொண்ணு குடுங்க" என்றாள். இரண்டாவது பீஸ் வளைவில் நிற்காமல் சுற்றி வந்தது. ஜான்சன் தையல்மேல் நகத்தை ஓட்டினார். மூன்றாவதைக் கேட்காமல் அவரே எடுத்துக் கொடுத்தார். அதையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எச்.ஆர். ரூம்ல ஆதாரும் பழைய இ.எஸ்.ஐ. நம்பரும் குடுத்துடுங்கக்கா. நாளைக்கு ஷிப்டுக்கு வந்துடுங்க."

அவர் நகர்ந்ததும் அவள் எழுந்து ஓடவில்லை. அந்த ஸ்டூலில் முன்பு உட்கார்ந்தவள் நெட்டை போலிருக்கிறது. இவள் இவ்வளவு நேரமும் பெடலை எட்டி எட்டித்தான் மிதித்திருக்கிறாள். என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினாள். ஸ்பேனரைக் கொடுத்தேன். குனிந்து ஸ்டூலின் நட்டைத் தளர்த்தி, இரண்டு சுற்று இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.