சுனையில் கிடந்த மூக்குத்தி

செஞ்சிக் கோட்டைக்குத் தெற்கே, பேர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடாத ஒரு குன்று. அதன் மேலே பாறை இரண்டாகப் பிளந்து, பிளவுக்குள் சுனை நிற்கிறது. சித்திரை வெயிலிலும் கால் வைத்தால் மரத்துப்போகும். தண்ணீரோ கண்ணாடி. முழங்கால் ஆழம்தான் என்று நம்பி இறங்குகிறவன், தலை முங்கிய பிறகுதான் கண்ணாடியின் குணத்தைத் தெரிந்துகொள்வான்.

இந்தச் சுனைக்கு அரசாங்கம் நியமிக்காத அதிகாரி தனகோட்டி. கட்டட வேலை போக மீதி நேரத்தில், செல்ஃபி எடுக்க வந்தவர்கள் தவறவிட்ட போன், வண்டிச் சாவி, ஒருமுறை ஒரு பல்செட் என்று எல்லாவற்றையும் முங்கி எடுத்துக் கொடுத்தவர். பல்செட்டுக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டுதான் நன்றி சொன்னார். அதுவரை அவர் சொன்னது எவருக்கும் விளங்கவில்லை.

அவர் எடுக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. மனைவி ரத்தினம்மாள் முகம் கழுவக் குனிந்தபோது திருகு கழன்று விழுந்த மூக்குத்தி.

"ஊரான் போனெல்லாம் எடுக்கற. எம் மூக்குத்தி மட்டும் உங்கண்ணுக்குத் தெரியலியாய்யா?"

"தெரியறதாலதான்டி உட்டு வெச்சிருக்கேன். பீரோவுல வெச்சா பூட்ட ஒடச்சிடுவான். அங்க எவன் முங்குவான்? நம்மளுதுதானே, எங்க போவப்போவுது?"

மறுக்க முடியாத வாதம். தினமும் கண்ணில் படுகிற பொருளுக்கு என்ன அவசரம்? ரத்தினம்மாள் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். இந்தத் தை மாதம் காய்ச்சலென்று படுத்தவர் எழவில்லை.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பூ வைத்த பிறகு, தனகோட்டியின் தங்கை ஜெயசுதா அந்தக் குச்சியை உருவினாள்.

"மூளி மூக்கோடயாண்ணா அண்ணி போவும்?"

தனகோட்டி யாரிடமும் சொல்லாமல் குன்றேறினார். மூக்குத்தி விழுந்த இடத்திலேயே மின்னிக்கொண்டிருந்தது. முங்கினார். குளிர் நெஞ்சைக் கவ்வியது. அறுபது நெருங்கிவிட்ட செய்தி அவருக்கு முன்பே நுரையீரலுக்குத் தெரிந்திருந்தது. அழுதுகொண்டு முங்கினால் மூச்சு தங்காது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவரும் அவர்தான். விரல் நுனி பட்டது. பட்டதும் மூச்சு தீர்ந்து மேலே வந்தார்.

மறுபடி முங்கி, பதற்றத்தில் கையை வீசித் துழாவினார். அடியில் படிந்திருந்த வண்டல் புகையாக எழும்பியது. சுனை கலங்கிப்போயிற்று. தெளிய மறுநாள் ஆகும். கீழே பறை ஒலித்தது. அத்தனை வருடம் பொறுத்த ரத்தினம்மாளால் இன்னொரு நாள் பொறுக்க முடியாது; பாடை கட்டியாயிற்று.

ஈரம் சொட்ட வந்தவரை வாசலில் பிடித்துக்கொண்டார் பங்காளி கலியபெருமாள். சாவு வீட்டுக்குத் தன்னைத்தானே கலெக்டராக நியமித்துக்கொண்டவர்.

"எங்கடா போய்ட்ட? ஓ, குளிச்சிட்டியா! கொள்ளி வெக்கறவன் இப்டித்தான் இருக்கணும். சொல்லாமயே ரெடி ஆயிட்டாம் பாரு. தூக்குங்கப்பா!"

ஜெயசுதா அண்ணன் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். நகக்கண்களில் வண்டல் மட்டும் இருந்தது.

அவள் அண்ணியின் கழுத்து மாலையைச் சற்று மேலே இழுத்துவிட்டாள், மூக்கு தெரியாதபடி.