எட்டாம் மாடித் தண்ணீர்

எங்கள் ஒழுங்கை கொழும்பின் காலி வீதியில் தொடங்கி ரயில் பாதையில் முடிகிறது. பாதைக்கு அப்பால் கடல். வெள்ளவத்தையில் இப்படி எத்தனையோ ஒழுங்கைகள். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது இதில் பெரும்பாலும் ஓட்டு வீடுகள்தான் இருந்தன. இப்போது மிஞ்சியிருப்பது எங்களுடையது மட்டும். பக்கத்து வீடு எப்படிப் போனது என்று எழுதவேண்டும் போலிருக்கிறது.

அங்கே இருந்தவர் பொரளையில் தாதியாக வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பெண். கணவர் இறந்தபின் தனியாகவே இருந்தார். நான் அவரைச் சிங்களத்தில் அக்கா என்ற அர்த்தத்தில் அக்கே என்பேன், அவர் என்னைத் தங்கை என்ற அர்த்தத்தில் நங்கி என்பார். அவருடையது நோயாளிகளோடு பேசிப் பழகிய தமிழ். என்னுடையது கடைத்தெருச் சிங்களம். இரண்டையும் கலந்து மதிலுக்கு மேலால் கதைப்போம். அவருடைய வீட்டைச் சுற்றிய வளவில் ஒரு கிணறு இருந்தது. கடல் அவ்வளவு கிட்ட இருந்தும் நல்ல தண்ணீர். குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் ஒழுங்கைச் சனம் வாளிகளோடு அங்கேதான் போகும். அவர் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரச்சொல்வார், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று கதை வந்தது. ஒருநாள் கட்டுபவர்களின் ஆள் ஒருவர் அயலவரின் அபிப்பிராயம் கேட்க வந்தார். இத்தனை குடும்பத்தின் கழிவும் போகப்போவது இந்த ஒரே பழைய குழாயிலா என்று அக்கே கேட்டார். எல்லாவற்றையும் மதிப்பிட்டுத்தான் செய்கிறோம் என்று வந்தவர் மரியாதையாகச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே எதிரே குழி வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு சில வாரங்களில் என் தங்கை தொலைபேசி எடுத்தாள். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவள். அந்த மாடியில் எட்டாவது தளத்தில் வீடு வாங்குகிறோம், இனி அக்காவுக்குப் பக்கத்தில்தான் இருப்போம் என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மதிலடியில் அக்கேயிடம் சொன்னபோது அவரும் சந்தோஷப்பட்டார். இனி உனக்குத் துணை இருக்கிறது என்றார். குழாயைப் பற்றி அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வாகனத் தரிப்பிடத்துக்காக நிலத்துக்குக் கீழே ஆழமாக வெட்டினார்கள். ஊறிவந்த தண்ணீரை மோட்டர் வைத்து இறைத்து, மழைநீர் ஓடும் தெருவோரக் கானில் விட்டார்கள். இரவும் பகலும் அது கடலுக்கு ஓடியது. அக்கேயின் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியது. பிறகு மெல்ல மேலே வந்தது. ஒரு காலை மதிலுக்கு மேலால் ஒரு தம்ளரை நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன்.

"உப்பு, என்ன நங்கி?"

ஓம் என்றேன். மிச்சத்தை அவர் ரோஜாச் செடியடியில் ஊற்றப்போய், நின்று, கானில் ஊற்றினார்.

மாடி எழும்பி முடிந்து ஆட்கள் குடிவந்தார்கள். தங்கை வீட்டுப் பால்காய்ச்சலுக்குப் போனோம். பல்கனியில் நின்றால் கடல் முழுவதும் தெரிந்தது. எங்கள் ஓடுகளும் அக்கேயின் கிணறும் கீழே சின்னதாகத் தெரிந்தன. தங்கையின் சின்ன மகள் லிஃப்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். அவர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள ஒரு வீடு கிடைத்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நான் என்ன குறை சொல்ல?

ஆனால் பின்னேரங்களில் எங்கள் குழாய் இருமத் தொடங்கியது. மாடிக்காரரின் நிலத்தடித் தொட்டி நிரம்பும் வரைக்கும் எங்களுக்குச் சொட்டுத்தான். அவர்களிடம் மோட்டர் இருந்தது, எங்களிடம் இல்லை. கிணறும் உதவாமல் போனதால் அக்கே விடியமுன் எழும்பிப் பாத்திரங்களில் பிடித்துவைப்பார். தங்கை அடிக்கடி என்னைக் கூப்பிடுவாள்.

"அக்கா, மேல வந்து குளியுங்கோ. இஞ்ச எந்த நேரமும் தண்ணி வருது."

முதலில் மறுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை தலைமுழுக வேண்டியிருந்ததால் போனேன். அங்கே தண்ணீர் முதுகில் அறைந்தது. அதன் கீழே நின்றுகொண்டு, இது எங்கள் குழாயில் வரவேண்டிய தண்ணீர் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நெடுநேரம் குளித்தேன். வெளியே வந்தபோது தங்கை தேத்தண்ணி போட்டு வைத்திருந்தாள். அதைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.

ஒக்டோபர் மழையோடு அக்கே அன்று கேட்டது நடந்தது. ஒழுங்கை நடுவிலிருந்த மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் பொங்கியது. பள்ளமான வளவு அக்கேயுடையது. கழிவெல்லாம் அங்கே போய்த் தேங்கியது. ரயில் பாதைக்கு அப்பால் கான் கடலில் விழும் இடமும் கறுத்திருந்தது. பின்னேரம் அங்கே கால் நனைக்கப் போகிறவர்கள் அந்த மணலைத் தாண்டித் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

மாநகர சபையில் முறைப்பாடு செய்தோம். ஒரு பெண் பொறியியலாளர் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். வெறும் வீடுகள் மட்டும் இருந்த காலத்துக்குப் போட்ட குழாய் இது, இதை மட்டும் மாற்றிப் பயனில்லை, காலி வீதி வரைக்கும் அதற்கு அப்பாலும் மாற்றவேண்டும் என்றார். எப்போது மாற்றுவீர்கள் என்று அக்கே கேட்டார். அந்தப் பெண் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"அது என்ட கையில இல்லை, அம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. அதனாலேயே அவரோடு கோபிக்கவும் முடியவில்லை.

அக்கேக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. அந்தத் தண்ணீருக்குள் இறங்கி வாசல் படலையைத் திறந்தபோது பாதத்தில் ஏதோ கீறியிருக்கிறது. காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அவர் கவனிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பிறரின் புண்களுக்கு மருந்து கட்டியவர். நான் போய்ப் பார்த்தபோது காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது.

அம்புலன்ஸ் காலி வீதியிலேயே நின்றுவிட்டது. மாடிக்கு வருகிறவர்களின் வாகனங்கள் இருபுறமும் நின்றதால் உள்ளே வர இடமில்லை. தங்கையின் கணவரும் என் கணவரும் அக்கேயைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கை குடை பிடித்தாள். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். கழிவுத் தண்ணீருக்குள்ளால்தான் எல்லோரும் போனோம். வழியில் அக்கே ஒரேயொரு தரம் பேசினார், அதுவும் தங்கையிடம்.

"நீ போய்க் காலை நல்லாக் கழுவு. சவுக்காரம் போட்டுக் கழுவு."

அவரைப் பிழைக்கவைத்தார்கள். ஆனால் பாதத்தை எடுக்கவேண்டி வந்தது. பிறகு தெமட்டகொடையில் மகன் வீட்டுக்குப் போனார். ஒரு பாதம் இல்லாமல் இந்த வளவுக்குத் திரும்பிவருவது சரிவராது என்று மகன் சொன்னபோது என்னாலும் மறுத்துப் பேச முடியவில்லை. தைமாதம் போய்ப் பார்த்தேன். யன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். ஒழுங்கையைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும் பேச்சை மாற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார்.

வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டு மூடி, தகரவேலி அடித்தார்கள். வேலியில் பெரிய படம் ஒன்று தொங்குகிறது. அதில் பல்கனிகளும் நீலத் தடாகமும் மரங்களும் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்து மாடியை விட இது உயரம்.

போன கிழமை தங்கை வந்து, வேலியடியில் நேரம் போவது தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மாடி எழும்பினால் தன் வீட்டுக்குக் கடல் தெரியாது என்றாள். ஓம், தெரியாதுதான் என்றேன். பிறகு இருவரும் உள்ளே வந்தோம். அவளுக்குத் தேத்தண்ணி போட நான் குழாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.