இடது கண் பிளாஸ்டரை எடுத்தது யார்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டேன். நோட்டை எடுப்பேன், வீட்டில் யாராவது சிரிப்பார்கள், மூடி வைத்துவிடுவேன். இப்போது எழுதுவது தைரியம் வந்து அல்ல, எரிச்சல் தாங்காமல்தான். நான் சொன்னது ஒன்று, இங்கே பெங்களூரில் எங்கள் அல்சூர் முழுக்கச் சுற்றுவது வேறொன்று.

நான் எட்டாவது வரை படித்தவள். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவள்தான் சொல்கிறேன், நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். காலை பத்து மணி. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, "பத்துலேர்ந்து கீழ எண்ணும்மா" என்றார். ஏழு வரை எண்ணினேன், அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

திடீரென்று முழிப்பு வந்துவிட்டது. ஆபரேஷன் முடியவில்லை, வயிறு திறந்தபடி இருக்கிறது, அறுப்பது தெரிகிறது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான், அந்த வலியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. கத்தலாம் என்றால் வாயில் குழாய். விரலை ஆட்டலாம் என்றால் விரல் என்னுடையதாகவே இல்லை. மூச்சைக்கூட மெஷின்தான் விடுகிறது. கண்ணைத் திறக்கலாம் என்றால் இமைமேல் பிளாஸ்டர், கண் காயக்கூடாது என்று ஒட்டுவார்களாம். நான் முழித்திருப்பதை இவர்களுக்கு எப்படித்தான் சொல்வது? பெரிய டாக்டரோ என் வயிற்றுக்குள் கையை வைத்துக்கொண்டு, "கேஸ் புக் பண்ணி இருபது நாளாச்சு, சிலிண்டர் வரல, வீட்ல ஸ்டவ்வுக்கு பம்ப் அடிச்சிட்டிருக்கா" என்று அலுத்துக்கொள்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அம்மனைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் இடது காதோரம் ஒரு பெண்குரல்.

"நீயும் முழிச்சிட்டுத்தான் இருக்கியா?"

அன்பாகக் கேட்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் வெகுநேரமாக நிற்கிறவள் பின்னால் வந்து நின்றவளைக் கேட்பதுபோல, சலித்துப்போய்க் கேட்டாள். பிறகு ஒரு விரல், உறை போடாத வெறும் விரல், என் இடது கண் பிளாஸ்டரை ஓரத்திலிருந்து நிதானமாக உரித்தது. தேங்கியிருந்த கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

உடனே டாக்டரம்மாவின் குரல், கன்னடத்தில். "சிஸ்டர், ஈ பிளாஸ்டர் யாரு தெகெதித்து?"

"நான் இல்ல மேடம், நான் கைகூட வைக்கல."

"அய்யோ, கண்ணுல தண்ணி ஊத்துது! மயக்கம் பத்தல, நிறுத்துங்க சார்!"

கையில் ஏதோ குளிர்ச்சியாக ஏறியது. அவ்வளவுதான்.

வார்டில் வீட்டுக்காரரிடம் சொன்னால், "மயக்கத்துல உளறாதடி, நல்லபடியா முடிஞ்சுதேன்னு சந்தோஷப்படு" என்றார். மறுநாள் டாக்டரம்மா வந்தபோது சிலிண்டர் கதையை அப்படியே திருப்பிச் சொன்னேன். முகம் வெளுத்து என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூணு மருந்தும்மா. ஒண்ணு தூக்கத்துக்கு, ஒண்ணு வலிக்கு, ஒண்ணு உடம்பு அசையாம இருக்க. உங்களுக்கு ரத்தம் நெறைய போய் பிரஷர் எறங்கிடுச்சு, அதனால தூக்க வாயுவயும் வலி மருந்தயும் கொறச்சேன். அசையவிடாத மருந்து மட்டும் உடம்புல அப்படியே இருந்துச்சு. தூக்கம் எவ்ளோ ஆழம்னு காட்ட எங்ககிட்ட மீட்டர் கெடையாது. நாடி, பிரஷர், வேர்வ, கண்ணீர், இத வச்சுத்தான் பாக்கணும். ரத்தம் போனதால நாடி முன்னாடியே வேகமா ஓடுச்சு, நான் ஏமாந்துட்டேன். மன்னிச்சிடும்மா."

அவர்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. "பிளாஸ்டர எடுத்தது யாரு?" என்றேன்.

"தானா உரிஞ்சிருக்கும்."

"என்கிட்ட ஒருத்தி பேசினாளே?" என்று அவள் கேட்டதைச் சொன்னேன். "இதே மேசையில இதுக்கு முன்னாடி வேற யாராவது...?"

டாக்டரம்மா கேஸ் ஷீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார், எழுந்து போய்விட்டார்.

என் நாத்தனாருக்கு இதெல்லாம் போதவில்லை. "அண்ணி, அது நம்ம அம்மன்தான்!" என்றவள், ஆடி மாதம் பூசாரியைக் கோயில் மைக்கில் சொல்லவே வைத்துவிட்டாள். சிவப்புப் புடவையாம், கையில் சூலமாம், 'பயப்படாதே மகளே' என்றாளாம், பெரிய டாக்டர் காலில் விழுந்தாராம்! நான் எழுந்து மறுத்தால், "அம்மா, சன்னிதியில அபசகுனமா பேசாதீங்க" என்று பூசாரி அதட்டுகிறார். அம்மன் எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறாள், இல்லாததைச் சேர்த்துத்தான் அவளுக்குப் பெருமை வரவேண்டுமா? வந்தவள் அம்மன் இல்லை. அந்தக் குரலில் அத்தனை அலுப்பு இருந்தது.

இதை யாரிடமாவது சொல்வதானால் சூலம், புடவை எதுவும் சேர்க்காமல், அவள் கேட்டதை ஒரு சொல் மாற்றாமல் சொல்லுங்கள், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அடுத்த நிமிஷம் எனக்கு மருந்து ஏறியது, நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன். அவளுக்குப் பதில்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பிளாஸ்டரை உரிக்க அவள் வந்தாள், அவள் அதே மேசையில் முழித்தபடி கிடந்தபோது யார் வந்தார்கள்?