மெட்டில்டா டீச்சர் பினாங்குக்குப் போனது

மெட்டில்டா டீச்சரைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய வயிற்றைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நோயாளிகளுக்கு என்ன போயிற்று, எவ்வளவு போயிற்று என்று பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. அவர் கணவர் ரயில்வேக்காரர். மகள் யூனிஸ் கைக்குழந்தையாக இருக்கும்போதே டைபாய்டில் போய்விட்டார். அதற்குப் பிறகு மெட்டில்டா அக்கா, அப்படித்தான் நான் அவரைக் கூப்பிடுவேன், டீச்சர் ட்ரெயினிங் படித்து, அனகாபுத்தூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் மின்சார ரயிலில் பல்லாவரம், அங்கிருந்து பஸ். மழைக்காலத்தில் ஆறு பொங்கிவிட்டால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. ஆண் வாத்தியார்கள் ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டு வருவார்கள். பெண்கள் இரண்டே பேர். மெட்டில்டா அக்காவும், செல்வமேரி என்ற இளைய டீச்சரும். செல்வமேரி எதிரே ஒரு தறிக்காரர் வீட்டில் பேசிவைத்துக்கொண்டாள். அக்காவுக்கு அது கூச்சம். அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் போய் நிற்கமாட்டார். அவர் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டம்ளர் காப்பி. அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் வாயில் ஈரம் படும். ஏப்ரல் வெயிலானாலும் அப்படித்தான்.

செல்வமேரி எங்கள் காம்பவுண்டுக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"சிஸ்டர், இவங்க வயித்துல ஒட்டகம்தான் இருக்குது. மத்தியானம் புளிச்சோறு தின்னுட்டு, ஒரு வாய் தண்ணி இல்லாம ஒண்ணாம் வாய்ப்பாடு கத்துறாங்க."

"ஒட்டகத்துக்கு வெக்கம் கிடையாதுடி. எனக்கு இருக்கு," என்பார் அக்கா.

"வெக்கத்தைவிட கிட்னி முக்கியம்கா," என்பேன் நான்.

"உங்க ஆஸ்பத்திரியிலே வந்து படுத்தேன்னா அப்போ சொல்லு."

இரண்டு முறை நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்தார். பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். படுத்திருக்கும்வரை குடித்தார். எழுந்ததும் பழையபடிதான். அடக்குவது அவருக்கு ஒரு திறமையாகவே ஆகிவிட்டது. அதில் பெருமையும் உண்டு.

யூனிஸுக்குப் பினாங்கில் வேலை பார்த்த சாலமோன் என்ற பையனைப் பார்த்துக் கட்டிவைத்தார். அறுபத்தேழாம் வருடம் யூனிஸ் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். அங்கே மாமியார் கிடையாது, நாத்தனார் தூரத்தில் ஈப்போவில், அக்கம்பக்கத்தில் தெரிந்த பெண்களும் இல்லை.

"பிரசவத்துக்குப் பொண்ணு தாய் வீட்டுக்கு வரணும். கடல் தாண்டி வர முடியாது. அப்போ தாய் வீடுதான் அங்கே போகணும்," என்றார் அக்கா. லீவு வாங்கினார், பாஸ்போர்ட் எடுத்தார், காலரா ஊசி, அம்மை ஊசி எல்லாம் போட்டுக்கொண்டார். என் அண்ணனும் பினாங்கில்தான் இருந்தார்; பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் லீவு போட்டு அதே கப்பலில் டிக்கெட் எடுத்தேன்.

தாம்பரம் மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருந்த பாட்சா பாய் முன்பு அந்தப் பக்கம் வியாபாரம் செய்தவர். கிளம்புவதற்குமுன் ஒருநாள் குழந்தைத் துணி வாங்கப் போனோம். அவர் அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. கப்பல்ல கண்டத தின்னாதீங்க. வயித்தால போவுதுன்னு தெரிஞ்சிது, அந்த ஊர் டாக்டரு காலரான்னு எழுதிப் புடுவான். அப்பறம் ஊருக்குள்ள உட மாட்டான். தீவுல கொண்டு போயி குந்த வெச்சிடுவான். பத்து நாளோ, பதினஞ்சு நாளோ, கரையப் பாத்துகினே கெடக்கணும். பெரிய பேஜாரு."

அக்கா காசை எண்ணிக் கொடுத்துவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டார். 

கப்பல் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று அன்றே தீர்மானித்துவிட்டார். எலுமிச்சம்பழச் சாதம், மொறுமொறுவென்று வறுத்த வஞ்சிரம், முறுக்கு, யூனிஸுக்குப் பிரசவ லேகியம் என்று இரண்டு பெரிய டப்பாக்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறும்போதே மீன் வாசனைக்குப் பக்கத்துப் படுக்கைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கப்பல் நாகப்பட்டினம் தாண்டியதும் நான் விழுந்துவிட்டேன். கடல்மயக்கம். தலையைத் தூக்கினால் வாந்தி. ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே சமாளித்தவள், ஒரு பேசினைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அந்தப் பேசினை எடுத்துக் கழுவி வைத்தவர் அக்காதான். சமையல்கட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுக் கஞ்சித்தண்ணீர் வாங்கிவந்து, உப்புப் போட்டு, ஸ்பூனில் ஊட்டினார்.

"என்னமோ நர்ஸம்மான்னு கூட்டிகிட்டு வந்தேன். கடைசியிலே நான் உனக்கு ஆயா வேலை பார்க்கறேன்," என்று சொல்லிச் சிரித்தார்.

நான் எழுந்து உட்கார்ந்தபோது, கரை வர இன்னும் ஒன்றிரண்டு நாள்தான் இருந்தது. அப்போதுதான் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. கையைப் பிடித்துத் தோலைக் கிள்ளி இழுத்து விட்டேன். தோல் கிள்ளியபடியே நின்றது.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"அக்கா, என்கிட்டே வேண்டாம். எத்தனை நாளா வயித்தாலே போகுது?"

சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். மூன்றாம் நாளும் அந்த எலுமிச்சம்பழச் சாதத்தையும் மீனையும் சாப்பிட்டிருக்கிறார். புளிப்பு வாசனை வந்ததாம். தூக்கிப்போட மனசு வரவில்லையாம். அன்று மாலையே ஆரம்பித்துவிட்டது. கக்கூஸ் வாசலில் ஆண்களும் பெண்களுமாக வரிசை. அடிக்கடி போனால் தோட்டி பார்ப்பான், டாக்டரிடம் சொல்லுவான், டாக்டர் எழுதிவிடுவார், தீவுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துகொண்டார். தண்ணீரை நிறுத்திவிட்டார். சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார்.

"உள்ளே போனாத்தானே வெளியே வரும்? இப்போ குறைஞ்சிருக்கு, பாரு. நேத்துலேருந்து ஒண்ணுக்குக்கூட வரலே," என்றார். அதை நல்ல சேதி போலச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. "ஒண்ணுக்கு வரலேன்னா கிட்னி நின்னுகிட்டு வருதுன்னு அர்த்தம். வெளியே போனதை உள்ளே ஊத்தணும். நீங்களே எனக்குக் கஞ்சித்தண்ணி ஊட்டலையா? அதே கஞ்சியை நீங்களும் குடிச்சிருந்தா இந்நேரம் எழுந்து நடமாடிகிட்டு இருப்பீங்க."

"யூனிஸுக்கு இந்த வாரம்தான் நாள், புஷ்பம். துறைமுகத்திலே டாக்டர் பார்க்கற லைன்லே நான் நேரா நின்னுட்டாப் போதும். கரை ஏறினதும் நீ எவ்வளவு சொன்னாலும் குடிக்கறேன்."

கஞ்சித்தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொண்டுவந்தேன். இரண்டு ஸ்பூன் குடித்தார். குமட்டி வாந்தி எடுத்துவிட்டார். மறுபடி கொடுத்தேன், மறுபடி எடுத்தார். மத்தியானம் எழுந்து நிற்கப் பார்த்தவர், கட்டில் கம்பியைப் பிடித்தபடி சரிந்தார். நாடி நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டரைக் கூப்பிடாதே. உன் காலைப் பிடிக்கறேன், கூப்பிடாதே," என்றார்.

நான் போய்க் கூப்பிட்டேன். கூப்பிடாவிட்டால் அவர் கரையைப் பார்த்திருக்கமாட்டார். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

கப்பல் டாக்டர் நல்ல மனிதர். உடனே சலைன் ஏற்றினார். இரண்டாவது பாட்டில் போகும்போது அக்காவுக்குச் சிறுநீர் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் டாக்டர் எழுத வேண்டியதை எழுதினார். பினாங்குத் துறைமுகத்தில் ஒரு சீன டாக்டர் ஏறிவந்தார். எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்திக் கண்ணைப் பார்த்தார், ஊசிச் சீட்டைப் பார்த்தார், போகவிட்டார். அக்காவைத் தூக்குப் படுக்கையில் வைத்து மோட்டார் படகில் இறக்கினார்கள். மலச் சோதனை சுத்தம் என்று வரும்வரை தீவு ஆஸ்பத்திரி. ஒரு சோதனை போதாது, திரும்பத் திரும்பச் சுத்தமாக வரவேண்டும் என்றார்கள்.

படகு நகர்வதற்குமுன் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "நீ போ. நேரா அவகிட்டே போ. உங்க அண்ணன் வீட்டுக்கு அப்புறம் போகலாம்."

சாலமோன் கப்பல்துறையில் காத்துக்கொண்டிருந்தான். மாமியார் எங்கே என்று கேட்டான். சொன்னேன். "அவளுக்குக் காலையிலேருந்து வலி," என்றான்.

யூனிஸைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த இடத்துக்குப் போனேன். நர்ஸ் என்றதும் உள்ளே விட்டார்கள். பையன் நல்லபடியாகப் பிறந்தான். அழுதான். பிறகு ரத்தம் நிற்கவில்லை. செய்யக்கூடியதை அங்கிருந்தவர்கள் செய்தார்கள். நானும் வயிற்றைப் பிடித்து அமுக்கிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் போய்விட்டாள். இருபத்துமூன்று வயது.

மறுநாள் தீவுக்குப் போக அனுமதி வாங்கிக்கொண்டு சாலமோனும் நானும் போனோம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் தண்ணீர் ஜாடி. எங்களைப் பார்த்ததும் எழுந்து, "பாரு, குடிச்சுகிட்டுத்தான் இருக்கேன். முதல் சோதனை சுத்தமா வந்திருச்சு," என்றார். பிறகு சாலமோன் முகத்தைப் பார்த்தார்.

நான்தான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ரத்தப்போக்கு யாருக்கு வரும் என்று முன்னால் சொல்ல முடியாது, நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்றும் சொன்னேன். அது உண்மை. உண்மையால் அந்த நேரத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

 அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எப்போ அடக்கம்?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையிலே, அத்தை. இந்த வெயில்லே வைக்க முடியாது," என்றான் சாலமோன்.

வேலிக்குள்ளிருந்த அதிகாரியிடம் கெஞ்சினோம். இன்னும் இரண்டு சோதனை பாக்கி இருந்தது. அவர் சட்டத்தை அவர் பார்த்தார். அக்காவை வெளியே விட்டபோது கல்லறையில் மாலை வாடிப்போயிருந்தது. கடைசிச் சோதனையும் சுத்தம்தான். காலராவும் இல்லை, ஒன்றும் இல்லை. கெட்டுப்போன சோறும் மீனும். முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால், கஞ்சியும் உப்பும் குடித்து, கரை வருவதற்குள் தேறி, என்னோடு வரிசையில் நின்று இறங்கியிருப்பார்.

பேரனை மடியில் வைத்துக்கொண்டு சில நாள் இருந்தார். ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டார். சாலமோன் ஒத்துக்கொள்ளவில்லை. ஈப்போவில் இருந்த அவனுடைய அக்கா வளர்ப்பதாகச் சொன்னாள். லேகியத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பும் கப்பலில் நான் டம்ளரை நீட்டும்போதெல்லாம் வாங்கிக் குடித்தார். 

தாம்பரத்துக்கு வந்து மறுபடி அனகாபுத்தூருக்கே வேலைக்குப் போனார். என்னோடு பேசாமல் இருந்தார் என்று சொல்லமாட்டேன். உப்பு இருக்கிறதா, ரேஷன் கடை திறந்தாயிற்றா என்று பேசுவார். யூனிஸ் பேரை மட்டும் எடுக்கமாட்டார். நானும் எடுக்கவில்லை. மாதாமாதம் ஈப்போவுக்குப் பையன் பேரில் எழுதுவார். எப்போதாவது ஒரு போட்டோ வரும். அதைக் காம்பவுண்டில் எல்லோருக்கும் காட்டுவார், எனக்கும் காட்டுவார்.

வருடங்கள் போயின. எழுபத்துமூன்றாம் வருடம் அவர் ரிடையர் ஆனார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"என்னைக் கேட்டாளா, புஷ்பம்?"

அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"கேட்டாக்கா. சித்தி, அம்மா எங்கேன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"கப்பல்லேருந்து இறங்கியாச்சு, கஸ்டம்ஸ்லே பெட்டியைத் திறந்து காட்டிகிட்டு இருக்காங்க, இதோ வந்துடுவாங்கன்னு சொன்னேன்."

"நம்பினாளா?"

"நம்பினா. சாலமோனைக் கூப்பிட்டு, வீட்டிலே வெந்நீர் போட்டு வைக்கச் சொன்னா. கப்பல்லே அத்தனை பேருக்கு நடுவுலே அம்மா ஒழுங்கா குளிச்சிருக்க மாட்டாங்க, வந்ததும் முதல்லே குளிக்கட்டும்னு சொன்னா."

அக்கா கையிலிருந்த காம்பை உருவி முடித்தார்.

"ஆமா," என்றார். "குளிக்கலைதான்."