அடுப்பு மூட்டாமல் செய்த பலகாரம்

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நான் முதலில் வைப்பது வெற்றிலை மடிப்புதான். சாப்பாடு ஆகும்வரை பேசிக்கொண்டே வாயில் போட்டுக்கொள்ளலாம். அவல், தேங்காய்ப்பூ, நீப்பாப் பனை வெல்லம், உப்பு, வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த நெத்திலி, இஞ்சித் துணுக்கு, பச்சை மிளகாய். பிசைந்து, இளம் வெற்றிலையில் வைத்து மடித்து, ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் வேலை முடிந்தது. அடுப்பு வேண்டாம். இனிப்பும் உப்பும் காரமும் ஒரே வாயில் வந்துவிடும். என் மருமகள்கள் இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்பார்கள். தோட்டத்தில் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

ஜப்பான்காரன் காலத்தில் வாழ்ந்தவள் என்பதால் என்னைத் தைரியசாலி என்று நினைக்கிறார்கள். சுத்தப் பொய். நான் பயந்தாங்கொள்ளி. இந்தப் பலகாரமே பயத்தில் செய்ததுதான்.

அப்போது நாங்கள் மலாயாவில் கூலிம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். துரைக்காகக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் வாசித்து ஆளைச் சேர்த்த அதே கிராணி, இப்போது ஜப்பான்காரனுக்காகப் பெயர் வாசித்தார். சயாமுக்கு ரயில் பாதை போடப் போகிறவர்களின் பெயர்.

முதலில் ஆசைப்பட்டுப் போனவர்களும் உண்டு. மூன்று மாதம் வேலை, நல்ல சாப்பாடு, திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். மூன்று மாதம் போய் இன்னொரு மூன்று மாதமும் போனது. ஓர் ஆளும் வரவில்லை, ஒரு கடுதாசியும் வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் தாமாகப் போகவில்லை. பட்டியல் போட்டார்கள். ஒரு நாள் காலைப் பெரட்டில் என் வீட்டுக்காரரின் பெயரை வாசித்தார்கள். அன்று மத்தியானமே அவர் பரணில் ஏறிவிட்டார்.

கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே, தகரக் கூரைக்குக் கீழே, விறகு காய வைக்கப் பலகைப் பரண் இருக்கும். அந்த விறகுக்குப் பின்னால்தான் அவர் படுத்துக் கிடந்தார். மலேரியா வந்து போனதில் இருமல் அவரை விடவில்லை. கீழே தீ மூட்டினால் புகை நேராக அவர் மூக்குக்குத்தான் போகும். அதனால் விடியுமுன் அவரைக் கீழே இறக்கி, அவசர அவசரமாக மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, மறுபடி ஏற்றிவிடுவேன். பகல் முழுக்க என் அடுப்பில் பூனை தூங்கும். கேட்டவர்களிடம் அவர் அலோர் ஸ்டாருக்கு ஓடிவிட்டார் என்றேன். பக்கத்து வீட்டு அக்காவிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகைச் சுவர்தான்.

பதினோராவது நாள் மத்தியானம் கிராணி என் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஜப்பான் அதிகாரி லயத்தைச் சோதிக்க வர்றாரு. உன் வீடுதான் மொத வீடு. நீ பங்களாவுல வேலை செஞ்சவதானே? கடிச்சிக்க ஏதாச்சும் செஞ்சி வை. வாய்க்கு ருசியா ஏதாச்சும் கிடைச்சா ஆளு கொஞ்சம் சாந்தமா போவாரு."

"விறகெல்லாம் ஈரமா கெடக்குங்கய்யா."

"அப்ப அடுப்பில்லாம செய்யி. வெறுங்கையோட நின்னு அறை வாங்காதே. அரை மணி நேரம்தான் இருக்கு."

கிராணி போனதும் என் வீட்டுக்காரரை இறக்கிப் பின்பக்கமாக அனுப்பிவிடலாமா என்று எட்டிப் பார்த்தேன். லயத்துக் கோடியில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான். கதவைச் சாத்திவிட்டு நடு வீட்டில் நின்றேன்.

என்ன செய்வது? பங்களா விருந்துகள் ஞாபகம் வந்தன. வெள்ளைக்காரர்கள் கையில் கிளாஸை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்னால் சின்னச் சின்ன பிஸ்கட்டைத் தின்பார்கள். அதன் மேல் ஒரு துண்டு சீஸ், ஒரு சொட்டு அன்னாசி ஜாம். ஒரே வாயில் போகணும், உப்பும் இனிப்பும் சேர்ந்தால் கை தானாக அடுத்ததற்குப் போகும் என்று பங்களா சமையல்காரர் சொல்வார். என்னிடம் பிஸ்கட்டும் இல்லை, சீஸும் இல்லை. ஒரு தேங்காயும், கோலா கெடாவிலிருந்து வந்த கொஞ்சம் நெத்திலியும், கொல்லையில் பறித்த மிளகாயும் இஞ்சியும் இருந்தன. நெத்திலி முற்றத்துத் தகரத்தில் காலையிலிருந்தே காய்ந்துகொண்டிருந்தது. விரலால் அழுத்தினால் உடைந்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். அவள் ஒரு நல்ல சேலையைக் கொடுத்து மலாய்க்காரர் கிராமமான கம்பத்திலிருந்து அவலும் வெல்லமும் வாங்கி வைத்திருந்தாள். கேட்டதும் ஒரு கிண்ணம் நிறைய அள்ளிக் கொடுத்தாள். தன் கொல்லைக் கொடியிலிருந்து வெற்றிலையையும் பறித்து மடியில் போட்டாள்.

"எடுத்துட்டுப் போ புள்ள. என்ன, ஜப்பான்காரனுக்கு வெத்தல மடிச்சிக் குடுக்கப் போறியா? வாய் ஏன் செவக்கலன்னு அதுக்கும் ஒரு அறை குடுப்பான்லா!" என்று சிரித்தாள்.

அவள் சிரிக்கலாம். அவளுடைய புருஷன் பெயர் பட்டியலில் இல்லை.

இளநீர் இல்லாததால் தேங்காய்த் தண்ணீரையே அவலில் தெளித்தேன். தேங்காயைத் துருவினேன். வெல்லத்தைக் கத்தியால் சுரண்டினேன். உப்புப் போட்டேன். போட்டேனா என்று சந்தேகம் வந்தது. மறுபடி போட்டேன். நாக்கில் வைத்துப் பார்த்தால் ஒரு ருசியும் தெரியவில்லை, நாக்கு அப்படி வறண்டு கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் வெல்லத்தைச் சேர்த்தேன். இன்று எல்லோரும் மெச்சுகிற அந்த ருசி இப்படி வந்ததுதான். மேலிருந்து சத்தமே இல்லை. அவர் துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

மடிப்புகள் தயாரானதும் என் கை ஒரு வேலை செய்தது. எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் எது செய்தாலும் புருஷன் பங்கை முதலில் எடுத்து மூடி வைத்துவிடுவாள். மற்றவர்களுக்கெல்லாம் பிறகுதான். நானும் நாலு மடிப்பை எடுத்து அவருடைய வெண்கலக் கும்பாவில் வைத்து, தட்டால் மூடி, சாமி படத்துக்குக் கீழே பலகையில் வைத்தேன். அப்புறம் அக்காவின் கிண்ணத்தில் நாலு மடிப்பைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்களிடம் இல்லை. இரண்டையும் நான் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் இரண்டையும் செய்திருக்க மாட்டேன்.

அதிகாரி வந்தான். கூடவே கிராணியும் இன்னொரு சிப்பாயும். இடுப்பு ஒடியக் குனிந்து கும்பிட்டுத் தட்டை நீட்டினேன். அவன் ஒன்றை எடுத்து, ஈர்க்குச்சியை உருவிவிட்டு வாயில் போட்டான். மெல்லுவதை நிறுத்தினான். என்னை உற்றுப் பார்த்தான். பிறகு அவன் இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதையும் எடுத்தான். அவனுக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். "சேடாப்," ருசியாக இருக்கிறது என்றான். கிராணி பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். வாசல் பக்கம் திரும்பியவன் கும்பாவைப் பார்த்துவிட்டான். கிட்டே போய்த் தட்டைத் தூக்கினான். உள்ளே அதே மடிப்புகள், நாலு.

"இனி சியாப்பா பூஞா?" என்றான்.

யாருடையது என்று கேட்கிறான். எனக்கே மலாய் தெரியும். ஆனாலும் கிராணி தமிழில் திருப்பிக் கேட்டார். "யாருக்கும்மா இது?"

அப்போதுதான் என் கை செய்த காரியம் எனக்கு உறைத்தது. தனியாக இருக்கிற பெண், அதிகாரிக்கு வைக்கும் முன்னே யாருக்குப் பங்கு எடுத்து மூடி வைப்பாள்? கண் மேலே போய்விடக் கூடாது என்று சாமி படத்தையே பார்த்தேன். "அவருக்கு," என்று வாய் உளறிவிட்டது.

"அவரு எங்க?"

"செத்துப் போயிட்டாருங்கய்யா. அலோர் ஸ்டார்ல காய்ச்சல்ல போயிட்டாருன்னு சேதி வந்துச்சி. அவருக்குப் படையல் வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டேன். கழுத்தில் தாலி தொங்குகிறது. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். தலைக்கு மேலே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜப்பான்காரனுக்குக் குங்குமமும் தாலியும் என்ன தெரியும்? கிராணிக்குத் தெரியுமே. அவர் என் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பூனை படுத்திருந்த அடுப்பைப் பார்த்தார். இனி அவர் வாயில் வரும் ஒரு சொல்தான் என் வாழ்வு என்று நின்றேன். என் உயிரை அப்படி இன்னொருவர் வாயில் வைத்து நான் அதற்குப் பிறகு நின்றதே இல்லை.

"லாக்கி டியா. சூடா மாத்தி," என்றார் கிராணி. இவள் புருஷன், செத்துவிட்டான்.

அதிகாரி தொப்பியைக் கழற்றினான். கும்பாவுக்கு முன்னால் நின்று, கை கூப்பி, கண்ணை மூடித் தலை குனிந்தான். தட்டிலிருந்து ஒரு மடிப்பை எடுத்துக் கும்பாவுக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தான். நானும் கை கூப்பினேன். உயிரோடு இருக்கிற புருஷனுக்குத் திவசம் கொடுத்த பாவி நான். பரணிலிருந்து ஒரு சிட்டிகை மரத்தூள் அடுப்பில் விழுந்தது. அவன் கண்ணை மூடியிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

அவன் வெளியேறியதும் கிராணி ஒரு நிமிஷம் பின்தங்கினார். "மொதல்ல அந்தக் குங்குமத்த அழி," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "பேர அடிச்சிர்றேன். ஆனா தலை கொறைஞ்சா என் தலை போயிரும். எனக்கு இன்னொரு ஆளு வேணும்." அவர் என்ன சொல்கிறார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அவர் காலில் விழாத குறையாக நின்றேன்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு மூடியைத் திறக்கும் சத்தம். அப்புறம் அதே கேள்வி. இந்தத் தடவை அவன் குரலில் ஒரு தணிவு இருந்தது. மூடி வைத்த பாத்திரம் என்றால் செத்தவர்களுக்கு என்று அவன் என் வீட்டில்தானே கற்றுக்கொண்டான்.

"யாருக்கும்மா இது?" கிராணி கேட்டார்.

நான் கொடுத்த நாலு மடிப்பு. அக்காவும் முதல் பங்கை எடுத்து மூடி வைத்திருக்கிறாள். சுவரைத் தட்டக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. தட்டினால் என் வீட்டுக்குத் திரும்பி வருவார்களே என்ற பயம். கையை இறக்கிவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்குங்கய்யா," என்றாள் அக்கா, ஒளிக்க ஒன்றுமில்லாத குரலில். "கெணத்தடியில குளிச்சிக்கிட்டு இருக்காரு. கூப்பிடவா?"

அவளே கூப்பிட்டாள்.

தலை ஈரம்கூடத் துவட்டவிடவில்லை. அப்படியே லாரியில் ஏற்றினார்கள். அக்கா மார்பில் அடித்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினாள். லயமே கேட்கும்படி அலறினாள். அந்த அலறலில்தான் பரணில் இருந்தவர் அரை மணி நேரம் அடக்கிய இருமலை இருமித் தீர்த்தார். அக்காவின் அழுகை என் புருஷனின் இருமலை மறைத்தது.

மறுநாள் விடியுமுன் என் வீட்டுக்காரர் இறங்கியபோது கும்பாவைத் திறந்தார். "படையல்னு சொல்லிட்டேன், வேணாங்க," என்று கையைப் பிடித்தேன். "பசிக்குதுடி," என்றார். நாலையும் தின்றார், அதிகாரி வைத்ததையும் தின்றார். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் இருந்த நாலையும் எறும்பு மொய்த்தது. அக்கா அதைத் தொடவில்லை.

பிறகு ஒரு நாள் விறகு வண்டியில் ஒளித்து, அவரை ஜித்ரா பக்கம் ஒரு மலாய்க்காரரின் வயலுக்கு அனுப்பிவிட்டேன். ஜப்பான்காரன் போகும்வரை நான் அவர் செத்துப்போனதாக அக்காவிடமும் சொல்லிக்கொண்டு, பாழ் நெற்றியோடு, தாலியை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன். அக்கா தினமும் குளித்துக் குங்குமம் வைத்தாள். தினமும் தன் புருஷன் பங்கை எடுத்து மூடி வைத்தாள். என் வீட்டுக்காரர் திரும்பி வந்த அன்று எனக்குக் குங்குமம் வைத்துவிட்டதும் அவள்தான்.

"உன் ஆளு வந்துட்டாரு புள்ள. எங்க வீட்டுக்காரரும் வந்துருவாருலா," என்றாள். நான் குமுறி அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அவர் வரவில்லை.

அக்காவுக்கு இப்போது என்னைவிடத் தளர்ச்சி. ஆனாலும் மாதம் ஒருமுறை என் வீட்டுக்கு வருவாள். நான் வெற்றிலை மடிப்புச் செய்தால் முதலில் நாலை எடுத்துக் கிண்ணத்தில் வைத்து மூடுவாள். "அன்னைக்கு அவரு சாப்பிடாமலே போயிட்டாருலா," என்பாள். அதற்குப் பிறகுதான் தான் ஒன்றை எடுப்பாள்.

போன மாதம் அப்படி மூடி வைத்துவிட்டு, சட்டென்று நிமிர்ந்து கேட்டாள்.

"ஏன் புள்ள, அன்னைக்கு உன் வீட்டுலயும் கும்பா இருந்துச்சில்ல? யாருக்குன்னு கேட்டப்ப நீ என்ன சொன்ன?"

இத்தனை வருஷம் கழித்தும் அதே பயம். அதே வறண்ட நாக்கு. தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"உப்புப் போதுமான்னு பாருக்கா," என்றேன்.

அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். சரியாக இருக்கிறது என்றாள்.